யூரியா போடவா வேணாமான்னு பயிர்கிட்டயே கேக்குற அட்டை: மூணு போகம் வச்சுப் பாத்துட்டு எழுதுறேன்

முதல்லயே சொல்லிர்றேன், இது வெறும் பிளாஸ்டிக் அட்டை. பேட்டரி கிடையாது, ஆப் கிடையாது, சார்ஜ் போட வேண்டியதில்ல, மழைல நனைஞ்சா வேட்டில தொடச்சு பைல போட்டுக்கலாம். இலை வண்ண அட்டைன்னு பேரு. வெளிர் பச்சைல ஆரம்பிச்சு கரும்பச்சை வரைக்கும் கட்டம் கட்டமா இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். நாலு கட்டம் போட்டதும் வருது ஆறு கட்டம் போட்டதும் வருது, எங்கிட்ட இருக்கது ஆறு. நெல்லு இலைய அதுமேல வச்சு எந்தப் பச்சையோட ஒத்துப்போகுதுன்னு பாத்து, இப்ப யூரியா போடணுமா இல்ல இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமான்னு முடிவு பண்றதுதான் சோலி. விலை ரெண்டு பரோட்டா ஒரு ஆம்லெட் சாப்புடுற காசு. ஒரு விவசாயக் கண்காட்சிக்குப் போன எடத்துல வாங்குனேன், உண்மையச் சொன்னா பையன் அழுதுக்கிட்டே இருந்தான், அவன் கைல கலர் கலரா எதையாச்சும் குடுக்கணுமேன்னுதான் வாங்குனேன். வீட்டுக்கு வந்து ஆறு மாசம் டிவிக்குப் பின்னாடி கெடந்துச்சு.

நமக்கு மதுரை கள்ளந்திரி பக்கம். பெரியாறு கால்வாய்ல தண்ணி தொறக்கும்போதெல்லாம் பேப்பர்ல இருபோகப் பாசனம் 45,041 ஏக்கர்னு போடுவாய்ங்கள்ல, அந்த 45,041ல நம்மது ஒண்ணரை ஏக்கர். ஒரு கெணறு இருக்கு, கால்வாய் நின்னாலும் கடைசித் தண்ணிக்குத் தாங்கும். இவ்ளோ நாளும் யூரியா கணக்கு அப்பா கைலதான். அவர் கணக்கு ரொம்ப சிம்பிள், களை எடுத்ததும் ஏக்கருக்கு ஒரு மூடை, பச்சை கொறஞ்ச மாதிரி தெரிஞ்சா ஒரு மூடை, கருது வரப்போகுதுன்னா ஒரு மூடை, இது போக பக்கத்து வயக்காரர் வீசுனா அன்னைக்கு சாயந்தரமே நம்மளும் ஒரு அர மூடை. கடைசிதான் முக்கியம். ஊர்ல பாதி யூரியா பயிருக்காகப் போடுறது இல்ல, வரப்புல நடந்து போறவன் அந்த வயலு கருகருன்னு இருக்குப்பா உன் வயலு ஏன் வெளிறிக் கெடக்குன்னு கேட்டுறக்கூடாதேன்னு போடுறது.

2018ல 50 கிலோ மூடைய 45 கிலோவா கொறைச்சாங்க. மூடைக் கணக்குலதான் போடுறாய்ங்க, மூடைய சின்னதாக்கினா தானா கொறையும்னு யாரோ யோசிச்சிருக்காக. நல்ல யோசனைதான், ஆனா எங்க அப்பாவ அவங்களுக்குத் தெரியாதுல்ல. அவரு பழைய மூடைக்கு இது பத்தாதுண்டு ரெண்டு படி சேத்துப் போட ஆரம்பிச்சுட்டாரு.

சரி கணக்குக்கு வர்றேன், இது புரிஞ்சாத்தான் அட்டையோட அருமை புரியும். யூரியால 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 45 கிலோ மூடைக்கு 20 கிலோ 700 கிராம். அப்பா போடுற மூணு மூடைக்கு 62 கிலோ. இதுல எல்லாரும் மறந்துபோற ஒண்ணு இருக்கு, அடியுரமா போடுற டிஏபி. அதுலயும் 18 சதவீதம் தழைச்சத்து இருக்கு, ஏக்கருக்குப் போடுற ஒரு 50 கிலோ மூடைக்கு 9 கிலோ. மொத்தம் ஏக்கருக்கு 71 கிலோ. வேளாண் பல்கலைக்கழகம் நம்ம பக்கத்துக்கு குறுகிய கால ரகத்துக்குச் சொல்றது ஹெக்டேருக்கு 120 கிலோ, அதாவது ஏக்கருக்கு 48. அப்ப நாங்க ஒண்ணரை மடங்கு கொட்டிக்கிட்டு இருந்துருக்கோம். இதுல கொடுமை என்னன்னா, தண்ணி கட்டுன நெல்லு வயல்ல போடுற தழைச்சத்துல பயிரு எடுத்துக்கிறது பொதுவா 30லருந்து 40 சதவீதம்தான். மீதி ஆவியா போகுது, தண்ணியோட கீழ எறங்குது, வயலு காஞ்சு நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு இருந்தா வாயுவா மாறிப் போகுது. பயிருக்குப் பசி இல்லாத நேரத்துல போட்டா இன்னும் மோசம். வயிறு நெறைஞ்ச பிள்ளைக்கு ஊட்டுன மாதிரி, வெளியதான் வரும்.

அட்டை செய்யறது அந்த ஒரு வேலைதான், பயிருக்கு எப்பப் பசிக்குதுன்னு சொல்லுது. இது முதல்ல ஜப்பான்காரங்க யோசனையாம், பெறகு பிலிப்பைன்ஸ்ல இருக்க பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம்தான் அதை இந்த மாதிரி அட்டையாக்கி ஆசியா பூரா பரப்புச்சு. இலைல தழைச்சத்து கூடினா பச்சை கூடும், கொறைஞ்சா வெளிறும், இது எங்க அப்பாவுக்கும் தெரியும் எங்க தாத்தாவுக்கும் தெரியும். ஆனா கண்ணு ஏமாத்தும். மேகம் போட்ட அன்னைக்கு ஒரு பச்சை, உச்சி வெயில்ல ஒரு பச்சை, பக்கத்து வயலு கருப்பா இருந்தா நம்மது வெளிறுன மாதிரி ஒரு பச்சை. அட்டைல இருக்க பச்சை மாறாது, அது ஒண்ணுதான் அதோட பலம்.

பாக்குற விதம் சொல்றேன், இதுல கோட்டை விட்டா காசு தண்டம். நடவு நட்ட பதினாலாம் நாள் ஆரம்பிக்கணும், நேரடி விதைப்புன்னா விதைச்ச இருவத்தொண்ணாம் நாள். பெறகு வாரம் ஒரு தடவ, பூ எடுக்குற வரைக்கும். காலைல எட்டுலருந்து பத்து மணிக்குள்ள. வயலுக்குள்ள எறங்கி அங்கிட்டு இங்கிட்டுமா பத்து எடத்துல பத்து இலை. வரப்போரத்துல நிக்கிற தூரு எடுக்கக்கூடாது, அது எப்பவுமே செழிப்பாத்தான் நிக்கும். மேல இருந்து மூணாவது இலை, நல்லா முழுசா விரிஞ்சது. இலைய பிச்சு எடுக்கக்கூடாது, செடிலயே இருக்க, நடுப்பகுதிய அட்டைமேல படுக்கவச்சுப் பாக்கணும். சூரியனுக்கு முதுகு காட்டி நின்னு நம்ம நெழல்ல வச்சுப் பாக்கணும். அட்டைல நெல்லு இலை மாதிரியே வரி வரியா லேசா மேடு பள்ளம் இருக்கும், இலைய வச்சா அதுல பொருந்தி உக்காரும், பனி இருந்தா தொடச்சுட்டு வைக்கணும் இல்லேன்னா ஒரு கட்டம் கூடத் தெரியும். ரெண்டு கட்டத்துக்கு நடுவுல வந்தா பாதி போட்டுக்கலாம், மூணரை மாதிரி. இந்தக் கட்டத்துக்குக் கீழ போனாப் போடுன்னு ஒரு நம்பர் சொல்லிருப்பாங்க, அதுதான் அளவு, பத்துல ஆறு இலை அந்த அளவுக்குக் கீழ வந்தா யூரியா போடலாம், இல்லேன்னா வீட்டுக்குப் போயி காப்பி குடிக்கலாம்.

இன்னொண்ணு, ஒரே ஆளு பாக்கணும். ஒரு வாரம் எனக்கு மதுரைல வேலை, வீட்டம்மாவ பாக்கச் சொன்னேன். பத்துல ரெண்டுதான் கொறச்சல்னு சொன்னா. மறுநாள் நான் பாத்தா ஏழு. யாரு கண்ணு சரின்னு இன்னைக்கு வரைக்கும் முடிவாகல. போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டு கேக்குறது சுத்தமா ஆகாது, போன் கேமரா எல்லாத்தையும் பச்சைப் பசேல்னு காட்டுது.

முதல் போகம், ஜூன்ல தண்ணி தொறந்து கோ 51ங்கற குறுகிய கால நெல்லு ரகம் நட்டோம். ஒரு ஏக்கர் என் அட்டைக்கு, அர ஏக்கர் அப்பா கணக்குக்குன்னு பிரிச்சுக்கிட்டோம். பிரிச்சோம்னா சும்மா இல்ல, ஒரு வாரம் பேச்சுவார்த்தை. கோ 51க்கு அளவு 4. பதினாலாம் நாள் பாக்குறேன், பத்துல நாலுதான் கீழ. போட வேணாம். அப்பா அன்னைக்கே அவரு பங்குக்கு வீசிட்டாரு, நாலு நாள்ல அந்த அர ஏக்கர் திமுதிமுன்னு கருத்துப்போச்சு, என் ஏக்கர் பக்கத்துல அப்பாவி மாதிரி நிக்குது. பெரியப்பா வரப்புல நின்னு, ஏப்பா யூரியா வாங்கக் காசு இல்லேண்டா சொல்லிருக்கலாம்ல நான் தந்துருப்பேன்லண்டு கேக்குறாரு. அதை அவரு ஒரு தடவ கேட்டாரு, டீக்கடைல பத்துப் பேரு பத்து தடவ கேட்டாய்ங்க. அந்த வாரம் தாங்குறதுதான் இந்த அட்டைல இருக்கதுலயே கஷ்டமான வேலை, மத்ததெல்லாம் சின்னப்பிள்ளை செய்யும்.

இருவத்தொண்ணாம் நாள் ஏழு இலை கீழ. போட்டேன். ஒரு தடவைக்கு எவ்வளவுன்னா இந்தப் பருவத்துக்கு ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து, நம்ம கணக்குல ஏக்கருக்கு 14 கிலோ, யூரியாவா சொன்னா 30 கிலோ. ஒரு மூடை இல்ல, 30 கிலோ. தராசுல நிறுத்துதான் போட்டேன். இருவத்தெட்டாம் நாள் வேண்டியதில்லன்னு வந்துச்சு. முப்பத்தஞ்சாம் நாள் ஆறு, போட்டேன். நாப்பத்திரெண்டு, மூணுதான். நாப்பத்தொம்பது, ஆறு, கடைசி 30 கிலோ. ஆக மூணு தடவைல 90 கிலோ, சரியா ரெண்டு மூடை. டிஏபில இருந்த 9 கிலோவயும் சேத்தா ஏக்கருக்கு 50, பல்கலைக்கழகம் சொல்ற கணக்குக்குக் கிட்டத்தட்ட அங்கதான் வந்து நிக்குது. யாரும் எனக்குச் சொல்லல, இலை சொல்லுச்சு. இதைப் பாத்து எனக்கே கொஞ்சம் புல்லரிச்சுப்போச்சு.

அறுப்புல என் ஏக்கர் 62 சிப்பம், அப்பாவோட அர ஏக்கர் 30 சிப்பம். சிப்பம்னா கொள்முதல் நிலையத்துல புடிக்கிற 40 கிலோ. அப்ப மகசூல்ல பெரிய வித்தியாசமே இல்ல, இதை நேர்மையா சொல்லிர்றேன், அட்டை வச்சா மகசூல் அள்ளிரும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. யூரியால மிச்சமானதும் ஒண்ணும் பெருசில்ல, 45 கிலோ மூடை 266 ரூபா 50 பைசா, மானியத்துல வர்றதால அந்த விலை. ஒரு மூடை மிச்சம் பிடிச்சா ஒரு பிரியாணி. அப்ப எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்னு கேப்பீங்க. மருந்து செலவு. அப்பாவோட அர ஏக்கர் கருகருன்னு இலை பெருத்து மெத்துமெத்துன்னு நின்னுச்சுல்ல, இலைச்சுருட்டுப் புழு ஊர்வலமா வந்து எறங்குச்சு, வெள்ளை வெள்ளையா கோடு. ரெண்டு தடவ மருந்து, ஆள் கூலி, டேங்குக் கணக்கு. என் ஏக்கர்ல அங்கங்க இருந்துச்சு, அடிக்கிற அளவுக்கு இல்ல. தழைச்சத்து கூடுனா புழு, புகையான், குலை நோய் எல்லாமே கூடும்னு விவசாய ஆபீசர் பத்து வருசமா சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு, ஒரே மடைல பாயுற ஒரே நாத்தை ரெண்டு விதமா வளத்துப் பாத்தப்பதான் மண்டைல ஏறுச்சு. மருந்தடிச்ச அன்னைக்கு சாயந்தரம் அப்பா ஒண்ணும் பேசல, அட்டைய எடுத்து முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்துட்டு திரும்ப வச்சுட்டாரு.

இங்கனக்குள்ள நிப்பாட்டியிருந்தா அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்துருப்பேன். ரெண்டாம் போகம் வந்துச்சு.

ரெண்டாம் போகத்துக்கு வெள்ளைப் பொன்னி நட்டோம், வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஆச்சு வித்தாலும் விலை போகும்னு. நான்தான் அட்டை வித்தகன் ஆகிட்டேனே, அதே 4ஐ வச்சுப் பாக்குறேன். முதல் வாரமே எட்டு இலை கீழ. போட்டேன். அடுத்த வாரம் ஏழு. போட்டேன். மழைக்காலத்துக்கு ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து, ஏக்கருக்கு யூரியா 26 கிலோ, அந்த அளவெல்லாம் கரெக்டா தெரிஞ்சு வச்சுருக்கேன், ஆனா ஒவ்வொரு வாரமும் பொன்னி பசிக்குது பசிக்குதுங்குது. அஞ்சு தடவ போட்டேன். 130 கிலோ. அப்பா கணக்கையே தொட்டாச்சு. அவருக்கு ஒரே சந்தோசம், உன் அட்டைக்கு இப்பத்தான் புத்தி வந்துருக்குங்குறாரு.

மார்கழி கடைசில ரெண்டு நாள் மழை, கூட காத்து. காலைல போயி பாத்தா பயிரு படுத்துக் கெடக்கு. பாய் விரிச்ச மாதிரி. பால் பிடிச்சு முத்துற நேரம், கருது தண்ணில கெடக்கு, வரப்புல உக்காந்துட்டேன். பெல்ட் வச்ச அறுப்பு மிஷின்காரரு வந்து பாத்துட்டு படுத்த பயிருக்கு நேரம் கூட ஆகும்ணே அதுக்குத் தக்க குடுத்துருங்கன்னு முன்னாடியே சொல்லிட்டாரு, அவரச் சொல்லிக் குத்தமில்ல. அடில கெடந்த கருதுல மொளை விட்ருச்சு. எவ்வளவு சிப்பம் போச்சுன்னு எழுத மனசு வரல.

அட்டை பொய் சொல்லிருச்சேன்னு கடுப்புல ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்கு வண்டிய விட்டேன். யானைமலைக்குக் கிட்ட, 1965லருந்து இருக்க காலேஜ், அதைத் தாண்டி ஆயிரம் தடவ மேலூர் போயிருப்பேன், உள்ள போனது அன்னைக்குத்தான். அங்க ஒருத்தரு அட்டைய கைல வாங்கிப் பாத்துட்டு என்ன ரகம்னுதான் முதல்ல கேட்டாரு. வெள்ளைப் பொன்னின்னேன். எத்தனைக்குப் பாத்தீங்கன்னாரு. நாலுன்னேன். சிரிக்கல, அது வரைக்கும் நல்ல மனுசன். பொன்னிக்கு 3 தம்பி, அது பொறந்ததே வெளிர் பச்சைதான், நீங்க அது கருக்கணும்னு எதிர்பாத்தா அது கருக்குறதுக்குள்ள சாஞ்சுரும்னாரு. தழைச்சத்துக்குக் கொஞ்சமா மட்டும் எதிர்வினை காட்டுற ரகம், ஹெக்டேருக்கு மொத்தமே 75 கிலோதான் சிபாரிசு, ஏக்கருக்கு 30 கிலோ, யூரியா கணக்குல ஒண்ணரை மூடை கூட இல்ல. நான் யூரியால மட்டும் போட்டது 60 கிலோ. சரியா ரெண்டு மடங்கு.

இப்ப என் கோவம் எல்லாம் அட்டை அச்சடிச்சவங்க மேலதான். எங்கிட்ட இருக்க அட்டைல பின்னாடி ஒரே ஒரு வரி, 4க்குக் கீழ வந்தா தழைச்சத்து இடவும். பொன்னிக்கு 3, மத்த ரகத்துக்கும் வீரிய ஒட்டு ரகத்துக்கும் 4னு இன்னொரு வரி போட எடமா இல்ல? பாதி எடத்துல தாமரைப்பூ படம் போட்டுருக்காங்க. மதுரைச் சுத்து வட்டாரத்துல பொன்னி நடாத ஊரு எது, இங்க வந்து விக்கிற அட்டைல அது இல்லேன்னா என்ன அர்த்தம். இதுக்காக ஒரு ஸ்டார் கட். நான் பர்மனென்ட் மார்க்கர்ல பெருசா எழுதி வச்சுட்டேன், வாங்குறவங்க முதல் வேலையா அதைச் செய்ங்க.

அட்டைக்குச் சொல்லத் தெரியாத இன்னொரு விசயம், எப்பப் போடணும்னு சொல்லும், எப்படிப் போடணும்னு சொல்லாது. அதை நான் மூணாவது போகத்துலதான் திருத்துனேன். முன்னாடியெல்லாம் மத்தியானம் சாப்புட்டுட்டு முழங்கால் மட்டும் தண்ணி நிக்கிற வயல்ல வீசுறது, கொஞ்ச நேரத்துல கண்ணு எரியுற மாதிரி ஒரு வாடை வரும், யூரியா வேலை செய்யுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம். அது நம்ம காசு ஆவியாகுற வாடை. வெயில்ல பாசி நெறையா இருக்க தண்ணில காரத்தன்மை ஏறும், அப்ப யூரியா அமோனியாவா மாறி மேல போயிரும். தண்ணிய வடிச்சு சேறு தெரியுற பதத்துல சாயந்தரமா வீசி, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு மடைய தொறந்துவிட்டா யூரியா சேத்துக்குள்ள எறங்கி நிக்குது. வேப்பம்புண்ணாக்கு கலக்குறதும் உண்டு, நல்லா பொடியாக்கி அஞ்சு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு, ராத்திரியே கலந்து சாக்குல மூடி வச்சுட்டு காலைல எடுத்துப் போடணும். 2015லருந்து வர்ற யூரியா எல்லாமே வேப்பெண்ணெய் பூசித்தானே வருதுன்னு கேட்டா, ஆமா, ஆனா நான் இன்னமும் கலக்கத்தான் செய்றேன். கை பூரா ரெண்டு நாளைக்கு கசக்கும், சோத்த ஸ்பூன்ல சாப்புடுங்க.

வடிக்கிறதுல எங்க ஊருல ஒரு சிக்கல். எங்க வயலுக்கு வாய்க்கால்லருந்து நேரா மடை இல்ல, மேல் வயலு நெறைஞ்சு எங்களுக்கு, எங்களுது நெறைஞ்சு கீழ் வயலுக்கு, வயல் விட்டு வயல் பாயுறது. நாங்க யூரியா போட்ட மறுநாள் மேல ஒருத்தரு தண்ணிய தொறந்துவிட்டா எங்க யூரியா பூரா கீழ் வயக்காரருக்குப் போயிரும். ரொம்ப வருசமா கீழ் வயலு மட்டும் எப்பிடி இவ்வளவு பச்சையா இருக்குன்னு நாங்க மண்டைய உடைச்சுக்கிட்டு இருந்தோம், அவரு என்ன உரம் போடுறாருன்னு ரகசியமா விசாரிச்சோம் வேற. எங்க உரம்தான்! இப்ப மேல் வயக்காரர்ட்ட, சித்தப்பா நான் இன்னைக்குப் போடப்போறேன் நாளைக்கழிச்சு தண்ணி விடுங்கன்னு போன்ல சொல்லிட்டுத்தான் வீசுறேன், கீழ் மடைய சேறு வச்சு அடைக்கிறேன். மூணாவது போகம் மறுபடி கோ 51, இந்தத் தடவ ஒண்ணரை ஏக்கரும் அட்டைதான், அப்பாவே விட்டுக்குடுத்துட்டாரு. ஏக்கருக்கு ரெண்டே தடவதான் கேட்டுச்சு, 60 கிலோ. மகசூல் ஒரு சிப்பம் கூடவும் இல்ல கொறையவும் இல்ல. வடிச்சுப் போட்டதுக்கும் மடைய அடைச்சதுக்கும் கெடைச்ச பலன்னுதான் நான் நெனைக்கிறேன்.

கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிர்றேன், நானோ யூரியா பாட்டிலும் அடிச்சுப் பாத்தேன். விருப்பப்பட்டு இல்ல, ஒரு கடைல யூரியா மூடை வேணும்னா இந்தப் பாட்டிலும் சேத்து எடுக்கணும்ட்டாங்க, அப்பாவுக்கு ஆதார் மிஷின்ல கைரேகை வேற விழ மாட்டேங்குது, அறுவது வருசமா மம்பட்டி பிடிச்ச கை, ரேகைக்கு எங்க போறது, விரல எண்ணெய்ல தொடச்சு தொடச்சு ஏழாவது தடவைதான் விழுந்துச்சு, அந்த எரிச்சல்ல எதையோ குடுத்துத் தொலைங்கன்னு வாங்கிட்டு வந்தது. முதல்ல வந்த 500 மில்லி பாட்டில்ல 4 சதவீதம், அப்ப தழைச்சத்து மொத்தம் 20 கிராம். மூடைல இருக்கது 20 கிலோ. அந்த மூடைக்கு இந்தப் பாட்டில் சமம்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க, இலைல நேரா தெளிக்கிறதால வீணாகாதுங்கறது அவங்க வாதம். வீணாகாம இருக்கலாம், 20 கிராம் எப்படி 20 கிலோ வேலை செய்யும்னு எனக்கு வெளங்கல. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் ரெண்டு வருசம் வயல்ல வச்சுப் பாத்து நெல்லுலயும் கோதுமைலயும் மகசூல் கொறையுதுன்னு சொல்லிருக்கு. நான் அடிச்சதுல நல்லதும் தெரியல கெட்டதும் தெரியல, அட்டைல கூட ஒரு கட்டம் ஏறல.

அட்டையோட மத்த கொறை. இது பச்சைய மட்டும்தான் பாக்கும், ஏன் வெளிறுச்சுன்னு அதுக்குத் தெரியாது. எங்க மாமா வயல்ல இலை வெளிறி துரு பிடிச்ச மாதிரி புள்ளி புள்ளியா இருந்துச்சு, அட்டைய வச்சா மூணு காட்டுது, அவரு யூரியாவப் போட்டாரு ஒண்ணும் நடக்கல, கடைசில பாத்தா துத்தநாகச் சத்து பத்தல. சிங்க் சல்பேட் போட்டதுக்கப்பறம்தான் எந்திரிச்சுச்சு. அதனால இலைல புள்ளி, துரு, நரம்பு வெளிறுறது இந்த மாதிரி எதையாச்சும் பாத்தா அட்டைய உள்ள வச்சுட்டு ஆபீசரக் கூப்பிடுங்க. மணிச்சத்து சாம்பல்சத்துக்கும் இது பேசாது, அதுக்கு மண் பரிசோதனைதான். நெல்லுக்குப் போட்ட அட்டைய கரும்புக்கு வாழைக்குன்னு வச்சுப் பாக்காதீங்க, மக்காச்சோளத்துக்குக் கூட இந்த அளவு ஒத்துவராது. வாரா வாரம் வயலுக்குள்ள எறங்க முடியாது, குத்தகைக்கு விட்டுட்டு டவுன்ல இருக்கேங்கறவங்களுக்கும் இது ஆகாது. அவங்க நாள் கணக்குலயே மூணு பங்கா பிரிச்சுப் போட்டுறலாம்.

அஞ்சுக்கு நாலு. போன அந்த ஒரு ஸ்டார் பொன்னிக்கு.

இப்ப நாலாவது போகம், மறுபடி பொன்னிதான், மனசு ஆறல. இருவத்தொண்ணாம் நாள் முடிஞ்சுருச்சு, 3க்குக் கீழ பத்துல ரெண்டே இலை, இன்னும் ஒரு படி கூட யூரியா போடல, வயலு வெளிர் பச்சைல அழகா நிக்குது. போன வாரம் பெரியப்பா வீட்டுக்கு வந்து, யூரியாக் கடன் குடுக்குறேண்டு சொன்ன அதே மனுசன், ஏப்பா அந்த அட்டைய ரெண்டு நாளைக்குக் குடுண்டு வாங்கிட்டுப் போனாரு. கேட்டா வண்டி டேங்க் கவர்ல வச்சுருக்கேங்குறாரு, வெயில்ல. சாயம் வெளுத்துருச்சுன்னா அப்பறம் எல்லா இலையும் கருப்பாத்தான் தெரியும். நாளைக்கு இருவத்தெட்டாம் நாள், காலைல எட்டு மணிக்குள்ள போயி வாங்கணும்.